ஏரிமேட்டுத் தைலம்மாள் கேட்ட விலை

தைலம்மாள் போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். சென்னையிலிருந்து திரும்பி வரும் வழியில், விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே, ஓடுகிற பேருந்தில் சன்னலோர இருக்கையில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருக்கிறது. மாரடைப்பு என்று மருத்துவர் சொன்னார். உளுந்தூர்பேட்டையில் இறங்கிக் கள்ளக்குறிச்சி வண்டி ஏற வேண்டியவர் இறங்கவில்லை. நடத்துநர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் தெரிந்தது. நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அண்ணன் தெய்வசிகாமணி அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, ஏரிமேடு குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அருள்மொழி டீச்சர் அவர்களே, வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் ஜீப் பிடித்து இறங்கி வந்திருக்கும் சொந்தங்களே, தலைவியை இழந்து நிற்கும் ஏரிமேட்டு மக்களே, எல்லோருக்கும் வணக்கம். டீச்சர் கையிலிருக்கும் கைபேசி வழியாகக் கென்யா நாட்டிலிருந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ரோஸ் அம்மாவுக்கும் வணக்கம். ரோஸ் யார் என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

நான் மேடைப் பேச்சாளன் இல்லை. மக்காச்சோளமும் புளியும் கடுக்காயும் வாங்கி விற்கிற கொளஞ்சியப்பன். மூட்டை தூக்கி ஆரம்பித்தவன். எனக்குத் தெரிந்த பேச்சு விலைப் பேச்சு ஒன்றுதான். ஆனால் இன்றைக்கு என்னைப் பேசச் சொன்னதும் நான் மறுக்கவில்லை. ஏன் தெரியுமா? எனக்குத் துக்கம் இருக்கிறது. துக்கத்தைவிடக் கோபம் ஜாஸ்தியாக இருக்கிறது.

ஏரியின் நீர்ப்பிடிப்பில் குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஏரி வேண்டும், தண்ணீர் வேண்டும். ஆனால் ஏரிமேட்டில் இருக்கிற தொண்ணூறு குடும்பம் எங்கே போகும்? அவர்களுக்கு ஊருக்குள்ளேயே வீடு கட்டித்தர வெளிநாட்டு நிதியம் ஒன்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. பொங்கலுக்குள் நிலம் வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் பணம் வேறு நாட்டுக்குப் போய்விடும். அந்த நிலத்தைத் தேடித் தேடி, பேசிப் பேசி, அந்தப் பேச்சின் நடுவிலேதான் தைலம்மாள் செத்துப்போனார். பேசினவள் போய்விட்டாள், இனி அந்தத் தொல்லை இல்லை என்று இந்த ஊரில் சிலர் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள். அவர்கள் மூச்சை நிறுத்தத்தான் வந்திருக்கிறேன்.

பெரியோர்களே! கொஞ்ச வருஷமாக நாம் ஒரு வார்த்தையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறோம். ஊர் வளர்ந்துவிட்டதாம். ஆமாம், வளர்ந்துதான் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் ஆனது. துணிக்கடை நாலு மாடிக்குப் போனது. போன வருஷம் சோளக்கொல்லையாக இருந்த இடத்தில் இந்த வருஷம் கல் நட்டு, கொடி கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பலகை வைத்திருக்கிறோம். சரி, யார் வளர்த்தது? நீங்களா? நானா? விடிவதற்கு முன்னால் நான்குமுனைச் சந்திப்பில் தூக்குவாளியோடு நிற்கிறார்களே, மேஸ்திரி வந்து கை காட்டினால் வண்டியில் ஏறுகிறார்களே, அவர்கள் கட்டியது அந்த நாலு மாடி. நம்முடைய ஓட்டலில் எச்சில் தட்டைக் கழுவுவது யார்? நம் தெருக் குப்பையை அள்ளுவது யார்? என் குடோனில் உட்கார்ந்து புளி தட்டுவது யார்? ஊரை வளர்த்தவர்களுக்கு ஊரில் இடமில்லை என்றால் அது என்ன வளர்ச்சி! யாருடைய வளர்ச்சி!

தைலம்மாள் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொல்வார். “ஊரு பெருசாவுது பெருசாவுதுன்னு சொல்லிக்கினே இருக்கீங்க. எங்க வூடு மட்டும் வருசத்துக்கு வருசம் சின்னதாயிக்கினே போவுதே, அது இன்னா?”

அவர் கச்சிராயபாளையம் பக்கத்துக் கூலிக் குடும்பம். சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்ததில்லை. கரும்பு வெட்டிப் பிழைத்தார்கள். வெட்டுவதற்கு எந்திரம் வந்தது, வேலை கம்மியானது, கணவர் முனியனோடு டவுனுக்கு வந்து ஏரிமேட்டில் குடிசை போட்டார். முனியன் காலமான பிறகும் அங்கேயே இருந்தார். மலையில் மழை பொய்த்து மரவள்ளி காய்ந்த வருஷங்களில் வெள்ளிமலைப் பக்கத்துக் குடும்பங்கள் இறங்கி வந்தன. மேட்டுக்காரன், மலைக்காரன் என்று ஆரம்பத்தில் சண்டை. தண்ணீர்க் குழாயடியில் குடம் உருளும். அத்தனை பேரையும் ஒரு சங்கமாக உட்கார வைத்தவர் தைலம்மாள்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் ஏற்பட்டது சண்டையில்தான். ஒரு நாள் காலையில் குடோனுக்குப் போகிறேன், புளி குவிந்து கிடக்கிறது, தட்டுவதற்கு ஒரு பெண்பிள்ளையும் உட்காரவில்லை. எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள். முன்னால் இந்த அம்மா.

“இன்னா மொதலாளி, ஓடு, நாரு, கொட்டை எல்லாத்தயும் நாங்க எடுத்துப் போடுறோம். கடைசியில மிச்சம் இருக்கிற புளிய மட்டும் எடை போட்டுக் கூலி குடுக்கிற. ஓட்டையும் கொட்டையையும் எடுத்தது யாரு, உன் மாமனாரா?”

“அதாம்மா ஊரு வழக்கம்.”

“வழக்கத்த நீயா பெத்த? மாத்து.”

“அத்தன கூலி குடுத்தா எனக்குக் கட்டாது.”

“கட்டலன்னா சாவிய இங்க குடு. நாலு நாளு நான் நடத்திக் காட்டுறன், கட்டுதா கட்டலியான்னு.”

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். புளி ஏற்றிப்போகச் சேலத்து லாரி வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தது. தைலம்மாள் பேசும்போதெல்லாம் அந்த லாரியை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் பேசினார். லாரி வராத நாளில் இந்தப் பேச்சைத் தொடங்கியிருக்கவே மாட்டார். கூலியை ஏற்றிக் கொடுத்தேன். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த அம்மா என்னைவிடக் கெட்டிக்கார வியாபாரி. கையில் சரக்கு இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்த நிதியத்தின் கதைக்கு வருகிறேன். வேகமாகப் பெருகும் ஊர்களில் குடிசையில் கிடப்பவர்களுக்கு வீடு கட்ட உதவுவதற்காக, ஐரோப்பாவில் பல நகராட்சிகள் சேர்ந்து பணம் போட்டு நடத்தும் நிதியம். அதன் ஆட்கள் ஏரிமேட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று செய்தி வந்தது. நம் சனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? விருந்தாளி வருகிறார் என்றால் நாம் என்ன செய்வோமோ அதைச் செய்தார்கள். பந்தல் கடை நாராயணசாமியிடம் நாற்காலி வாங்கினார்கள். கூரை ஓட்டை தெரியாமலிருக்க என் குடோனிலிருந்து புதுத் தார்ப்பாய்களை எடுத்துப்போய்ப் போர்த்தினார்கள். சாக்கடை மேல் பலகை போட்டு அதன் மேல் கோலம் போட்டார்கள். கோழி அடித்தார்கள், பாயசம் காய்ச்சினார்கள். பெண்கள் எல்லோரும் பட்டுப் புடவை! கழுத்தில் கவரிங்! வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், கும்பிட்டுவிட்டுப் போனார்கள். போய் எழுதினார்கள்: இந்தக் குடியிருப்பு மிகவும் வறிய பிரிவில் சேராது. பணம் வேறு ஓர் ஊருக்குப் போய்விட்டது.

உலகத்தில் வேறு எவனாவது இப்படி ஒரு தப்பைச் செய்வானா? உதவி கேட்டு நிற்க வேண்டிய இடத்தில் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி நின்றோம்!

ஏரிமேட்டில் அன்று பெரிய கூச்சல். பாவாடை அண்ணன், இதோ முன் வரிசையில்தான் இருக்கிறார், அவர் சொன்னார்: “அடுத்த தடவ எல்லாரும் கிழிஞ்சத கட்டுங்க. புள்ளைங்கள அழ வுடுங்க. அப்பத்தான் காசு வரும்.” நானும் அதையேதான் சொன்னேன். “அக்கா, வாங்குறவன் எதப் பாக்க வர்றானோ அதக் காட்டணும். அவன் வறுமையப் பாக்க வர்றான். காட்டு” என்றேன். தைலம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நீ மூட்டை வாயில நல்ல சோளத்தத்தான வைக்கிற? சொத்தைய அடியிலதான தள்ளுற? எனக்கு மட்டும் இன்னாத்துக்கு சொத்தைய மேல வச்சுக் காட்டச் சொல்ற?”

நீங்கள் சிரிக்கலாம். மேடையில் இருக்கிற வியாபாரிகளும் சிரிக்கலாம், உங்கள் மூட்டையும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை யோசித்துப் பாருங்கள். ஏழை என்றால் கிழிந்ததைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று யார் விதித்தது? சோறு போடத் தெரிந்தவளுக்கு வீடு எதற்கு என்று எழுதுகிறவன் கணக்குத்தான் தப்பே தவிர, சோறு போட்டது எப்படித் தப்பாகும்?

அவர் விடவில்லை. டீச்சரை உட்கார வைத்து அந்த நிதியத்துக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியனுப்பினார். “சாப்ட்டுப் போனவங்க கணக்க தப்பாப் போட்டுட்டாங்க, திரும்ப வந்து போடட்டும்.” மறு வருஷம் வந்தார்கள். இந்த முறை அவர்களோடு ஒரு புது ஆள் இருந்தார். ஒரு நாட்டுக் குடிசைகளைப் பார்க்கப் போகும்போது இன்னொரு நாட்டுக் குடிசைப் பகுதியிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போவது என்று நிதியம் புதிதாக ஒரு வழக்கம் வைத்திருந்தது. அப்படி வந்தவர்தான் ரோஸ். கென்யாவில் ஒரு பெரிய ஏரிக்கரை நகரத்தில் மீன் விற்பவர். அங்கே இருக்கிற குடிசைச் சங்கத்துக்குத் தலைவி.

தைலம்மாள் மறுபடியும் அதே மாதிரி பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நின்றார். அதே கோழிக் குழம்பு. அதே தார்ப்பாய். ரோஸ் ஒரு குடிசை முன்னால் நின்றார், தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். கூட வந்தவர்களிடம் ஏதோ சொன்னார். டீச்சர் அதைத் தமிழில் சொன்னார்: “எங்க தெருவுலயும் இதேதான். விருந்தாளி வந்தா பக்கத்து வீட்டுத் திரைச்சீலைய வாங்கி எங்க வீட்டுல மாட்டுவோம். இந்தப் புடவை யாரோடதுன்னு கேளுங்க.”

கேட்டார்கள். தைலம்மாள் கட்டியிருந்தது பக்கத்துக் குடிசை மணிமொழியினுடையது. மணிமொழி கட்டியிருந்தது அவள் நாத்தனாருடையது. நாத்தனார் கட்டியிருந்தது, அவள் வேலை பார்க்கும் தையல் கடையில் பிளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டுப் போன யாரோ ஒருத்தருடையது! தெருவே சிரித்தது. எழுத வந்தவர்களும் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார்கள்.

நான் அன்று வரை நினைத்திருந்தேன், நாடுகள் கூடி உதவுவது என்றால் பெரிய மனிதர்கள் கை குலுக்கிக்கொண்டு படம் எடுப்பது என்று. அந்தக் கை குலுக்கலில் ஏரிமேட்டுக்கு வந்தது ஒன்றுமில்லை. ஓர் ஏரிக்கரைப் பெண்பிள்ளை கடல் தாண்டி வந்து இன்னோர் ஏரிக்கரைப் பெண்பிள்ளையின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாரே, அன்றுதான் வேலை நடந்தது. ரோஸ் அம்மா, இந்த ஊர் உங்களை மறக்காது!

பணம் ஒதுக்கியாயிற்று. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இடத்தைத் தேர்வு செய்ய ஓர் ஆலோசனை நிறுவனத்தை வைத்தார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் பார்த்து மலையடிவாரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார்கள். நிலம் மலிவு, காற்று சுத்தம். பேருந்து மட்டும் ஒரு நாளைக்கு மூன்று நடை. முதல் பேருந்து நான்குமுனைக்கு வந்து சேரும்போது மேஸ்திரிகள் ஆள் எடுத்துக்கொண்டு போயே இருப்பார்கள். இருந்தாலும் கையெழுத்துப் போடச் சொல்லி ஊரே தைலம்மாளை நெருக்கியது. ஏரிமேட்டிலேயே பாதிப் பேர் போடச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

“மொதலாளி, நீ ஆத்தூரு மார்க்கெட்டு வெல கேக்காம இங்க சோளத்துக்கு வாயத் தொறக்கிறியா?”

“இல்ல.”

“அப்பறம் நான் மட்டும் கேக்காம தொறக்கணுமா? டீச்சர், ரோசுக்குப் போன போடு.”

என் குடோனில்தான் அந்த போன் பேச்சு நடந்தது. ரோஸ் சொன்னார், எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஊருக்கு வெளியே கட்டிக் கொடுத்தார்கள், வந்து பார்த்துவிட்டு முடிவு செய் என்று. நிதியம் பயணச் செலவைக் கொடுத்தது. அதுவரைக்கும் சென்னையைத் தாண்டாத தைலம்மாள் டீச்சரோடு கென்யா போனார். போன இடத்தில் சும்மா இருந்தாரா? ரோஸின் சந்தையில் தக்காளிக்குக் கையைக் காட்டிக் காட்டியே பேரம் பேசி விலையைக் குறைத்துவிட்டார். திரும்பி வந்து ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தார். “பாஷ தெரியாதவன் கிட்டயே கொறச்சிட்டன், நீ எம்மாத்திரம்?”

ஆனால் தக்காளிக்காகப் போகவில்லை. அங்கே ஊருக்கு வெளியே கட்டின வீடுகளைப் போய்ப் பார்த்தார். வரிசை வரிசையாக நல்ல வீடுகள். பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. படிக்கட்டில் ஆடு படுத்திருந்தது. வேலைக்குப் போய் வரும் வண்டிக் காசு கட்டாமல், சனங்கள் பழைய ஏரிக்கரைக்கே திரும்பிப்போய், முன்பைவிடச் சின்னக் குடிசையில், முன்பைவிட ஜாஸ்தி வாடகைக்கு இருந்தார்கள். எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு வந்தார்.

வந்ததும் நிதியத்தின் அதிகாரிகளோடு கூட்டம். இதே மண்டபத்தில்தான். தைலம்மாள் எழுந்து நின்றார். “வூடு நல்லா இருக்கும். நான் இல்லன்னு சொல்லல. வூட்டுக்குள்ள உக்காந்துக்கினு இன்னா துன்றது? சுவத்தயா?” என்று கேட்டார். அதிகாரி சொன்னார், அந்த இடத்தை வேண்டாம் என்றால் பணம் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று. ஏரிமேட்டுப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறார்கள். தைலம்மாள் உட்காரவில்லை.

“போவட்டும். நாளைக்கு நாங்க திரும்ப இதே ஏரிக்கரைக்கு வந்து நிக்கிறதுக்கு, இன்னைக்கே நிக்கிறோம்.”

எத்தனை பேருக்கு வரும் அந்தத் துணிச்சல்? கையில் வந்த கோடிக்கணக்கான பணத்தை, கொடுப்பவன் முகத்தைப் பார்த்து, போகட்டும் என்று சொல்ல! ஒரு குழி நிலம் இல்லாத தைலம்மாளுக்கு வந்தது!

இரண்டாம் நாள் கென்யாவிலிருந்து ரோஸின் சங்கம் நிதியத்துக்குச் சொல்லிவிட்டது. அந்தப் பெண்களை ஊருக்கு வெளியே தள்ளினால், இனி உங்கள் விருந்தாளி யாரையும் எங்கள் தெருவுக்குக் கூட்டி வராதீர்கள் என்று. இன்னும் மூன்று நாட்டுச் சங்கங்கள் அதையே சொல்லின. அந்த மூன்று நாட்டுப் பெண்களில் ஒருவர்கூடக் கள்ளக்குறிச்சியைப் பார்த்ததில்லை. தங்கள் தெருவுக்கு வரவேண்டிய உதவி நின்றுபோகுமே என்று பயந்து வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. நிதியம் யோசித்தது, இறங்கி வந்தது. அதையும் சொல்ல வேண்டும், அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ஊருக்குள் நிலம் பாருங்கள், வீடு கட்டும் செலவு முழுக்க எங்களுடையது, நில விலையில் பாதியும் தருகிறோம், பொங்கல் வரை தவணை என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் தைலம்மாள் நம்மிடம் வந்தார். வெளிநாட்டுக்காரனைச் சம்மதிக்க வைத்தவரால் நம்மைச் சம்மதிக்க வைக்க முடியவில்லை! ஏரிமேட்டு ஆட்கள் பக்கத்தில் வந்தால் மனை விலை இறங்கிவிடும் என்றார் ஒருவர். பிள்ளைகளோடு கலந்து பேச வேண்டும் என்றார் ஒருவர். வாஸ்து சரியில்லை என்றார் ஒருவர். விற்கிற நிலத்துக்கு வாஸ்து பார்த்த ஆளை நான் அன்றுதான் கண்டேன்.

கடைசியாக என்னிடம் வந்தார். சங்கராபுரம் சாலையில் என் குடோனுக்குப் பின்னால் ஒன்றேகால் ஏக்கர் சும்மா கிடக்கிறது. நான்குமுனைக்கு நடந்தே போய்விடலாம். மனை போடுகிறவர்கள் சென்ட்டு நாலு லட்சம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் நாலு என்றேன்.

“ஒண்ணர” என்றார் தைலம்மாள்.

“அக்கா, அந்த வெலைக்கு மலை மேலதான் கெடைக்கும்.”

“அங்கேருந்து எறங்கி வந்தவங்கள திரும்ப அங்கயே ஏத்தப் பாக்குறியா?”

இப்படியே மாதக்கணக்கில் ஓடியது. ஒரு நாள் எனக்கே சலித்துப்போய், “சரிக்கா, ஒரு இருவது சென்ட்ட தர்மமா எழுதித் தர்றன், ஆள வுடு” என்றேன். அன்று அவருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“யாருக்கு வேணும் உன் தர்மம்? தர்மம்னு வாங்கினா நாளைக்கு உம் புள்ள வந்து எங்கப்பன் போட்ட பிச்சைம்பான். வெலைக்கு வாங்கினா எவன் வாயத் தொறப்பான்? நான் வியாபாரம் பேசுறன். நீயும் வியாபாரியாட்டம் பேசு.”

பேசினேன். அவரும் பேசினார். “தொண்ணூறு குடும்பம் உன் குடோனுக்குப் பின்னாடி வந்தா, புளி தட்ட ஆளு தேடி வண்டி அனுப்புற செலவு மிச்சம். அத கணக்குல சேத்தியா? ரோட்டோரம் அஞ்சு சென்ட்ட நீயே வச்சிக்க. கடை போடு. அரிசி பருப்புக்கு நாங்க வேற எங்க போவோம்? அத சேத்தியா?” அதுவரை நான் சேர்க்கவில்லை. சேர்த்துப் பார்த்தேன். நான் இரண்டேகாலுக்கு இறங்கினேன். அவர் இரண்டுக்கு ஏறினார். அங்கே நின்றது.

அந்த விலைக்குப் பாதிப் பணம் நிச்சயம் என்று நிதியத்தின் சென்னை அலுவலகத்தில் உறுதி வாங்கத்தான் அவர் செவ்வாய்க்கிழமை போனார். வாங்கிவிட்டார். கோயம்பேட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“ரெண்டு. பாதி அவங்க, பாதி நாங்க. சரின்னு சொல்லு.”

“ஊருக்கு வாக்கா, பேசிக்கலாம்.”

“வந்தா இன்னும் ஒரு அஞ்சாயிரத்த புடுங்கலாம்னு பாக்குறியா? வர்றன் இரு.” சிரித்தார். வண்டி கிளம்பிவிட்டது என்று வைத்துவிட்டார்.

நான் சரி என்று சொல்லவில்லை. அவரும் வரவில்லை.

அவர் உடல் பந்தலில் கிடக்கும்போது இரண்டு பேர் என் காதருகில் வந்தார்கள். “தைலம்மாவும் போச்சு, பேச்சும் போச்சு. நாலரை தர்றோம்” என்றார்கள். மாலைகூட இன்னும் வாடவில்லை! அவர்கள் பெயரைச் சொல்லமாட்டேன். மூன்றாவது வரிசையில் துண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வது யார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் சொன்னதில் ஒன்று உண்மை. சந்தை வழக்கப்படி அச்சாரம் கை மாறாத பேச்சுக்கு மதிப்பில்லை. நான் அச்சாரம் வாங்கவில்லை. இந்த நிமிஷம் வரை நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை. நாளைக்கே மனை போட்டு விற்றால் என்னை ஒருவரும் கேட்க முடியாது. நானும் பணத்துக்கு ஆசைப்படாத ஆள் இல்லை, இந்த ஊருக்கே தெரியும். அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து முடிவெடுக்காமல், மைக்குக்கு முன்னால், இத்தனை பேர் கண் எதிரே முடித்துவிட வந்திருக்கிறேன். நாளைக்கு என் மனசு மாறினாலும் மாற முடியாதபடிக்கு!

அருள்மொழி டீச்சர், மேலே வாருங்கள். சங்கத்துக்கு இனி நீங்கள்தான் பேச வேண்டும். அழுதது போதும், வாருங்கள். பையில் இருக்கிற நோட்டு எதையாவது எடுங்கள். பத்து ரூபாயா? போதும். என் கையில் வையுங்கள். கைபேசியைத் திருப்புங்கள், ரோஸ் பார்க்கட்டும். நிதியத்தின் ஆட்களுக்கும் அவரே சொல்லட்டும். அண்ணன் தெய்வசிகாமணி, நகர்மன்ற உறுப்பினர்களே, நீங்கள் சாட்சி. வாங்கிவிட்டேன். அச்சாரம் வாங்கிவிட்டேன்!

இனி தடுக்கிறவர்கள் தடுத்துப் பாருங்கள். மனை விலை இறங்கும் என்று மனு கொடுக்கிறவர்கள் கொடுங்கள். வழக்குப் போடுகிறவர்கள் போடுங்கள், வக்கீல் எனக்கும் இருக்கிறார். தைலம்மாள் போட்ட சண்டையில் பாதியை நான் வியாபாரத்தில் போடுவேன், மீதியை ஏரிமேட்டுப் பெண்கள் தெருவில் போடுவார்கள். வீடு எழும்பும். விடியற்காலையில் அந்த வீடுகளிலிருந்து சனங்கள் நான்குமுனைக்கு நடந்தே போவார்கள். வேறு ஊர்க் குடிசைப் பெண்கள் நிலம் தேடும்போது, இங்கிருந்து ஒருத்தி ரோஸ் வந்த மாதிரி விமானம் ஏறிப்போய், அவர்கள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பாள். இது நான் தைலம்மாளுக்குக் கொடுக்கிற வாக்கு.

பேச்சு முடிந்த விவரத்தை எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். இடம், சங்கராபுரம் சாலை, என் குடோனுக்குப் பின்புறம், ஒரு ஏக்கர் இருபது சென்ட். சாலையோரம் ஐந்து சென்ட் எனக்கு. விலை சென்ட்டுக்கு இரண்டு லட்சம், அவர் கேட்ட விலை. பாதி நிதியத்திடமிருந்து, பதிவு அன்றே. மீதிப் பாதி சங்கத்திடமிருந்து, பத்து வருஷத்தில், மாதத் தவணையாக, வட்டி இல்லாமல். பத்திரம் தொண்ணூறு வீட்டுப் பெண்கள் பெயரில். இருபது வருஷத்துக்கு யாரும் வெளியாளுக்கு விற்கக் கூடாது. விற்பதானால் சங்கத்துக்கே, வாங்கின விலைக்கே. பதிவு, வருகிற வியாழக்கிழமை. பதிவுச் செலவு என்னுடையது.